அக்கரை வேறு மாநிலமாக இருந்தால், இக்கரையில் துறையை மூட ஒரு டவுனுக்கு அதிகாரம் உண்டா?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். நியூயார்க் மாநிலத்தில், லாங் ஐலண்டின் தென்கிழக்கு முனையில் ஈஸ்ட் ஹாம்ப்டன் என்று ஒரு டவுன். நம் ஊர்ப் பேரூராட்சிக்குச் சற்று மேலான உள்ளாட்சி என்று வைத்துக்கொள்ளுங்கள். கார் ஏற்றும் படகும் அதிவேகப் பயணிகள் படகும் தன் எல்லைக்குள் எங்கும் கரை தொடக்கூடாது என்று அது சட்டம் போட்டது. எதிர்க்கரை கனெக்டிகட், வேறு மாநிலம். கேட்டவரின் வாதம் இது: மாநிலங்களுக்கு இடையிலான வணிகத்தை ஒழுங்குபடுத்துவது அமெரிக்க நாடாளுமன்றத்தின் அதிகாரம் என்று அரசியலமைப்பே சொல்கிறது. அப்படியிருக்க ஒரு டவுன் எப்படிப் படகை மறிக்கலாம்? வழக்குப் போட்டால் அந்தச் சட்டம் முதல் நாளே விழுந்துவிடாதா?

விழவில்லை. ஏன் விழவில்லை என்பதுதான் சுவாரசியம். கேள்வி படகைப் பற்றியதாகத் தெரிந்தாலும், நீதிமன்றம் பார்ப்பது துறையை. கரையில் நடப்பது யாருடைய விவகாரம், கடப்பது யாருடைய விவகாரம் என்று கோடு போடுவதற்குத்தான் இருநூறு வருடங்களாக வழக்கு நடக்கிறது. நான் சென்னையில் சட்டம் படித்துவிட்டு, இருபது வருடத்துக்கு மேலாக அமெரிக்கக் கிழக்குக் கரையில் துறைமுகக் கட்டணம், படகு உரிமம் தொடர்பான கோப்புகளோடு குடும்பம் நடத்துகிறேன். கீழே சொல்லும் வழக்குகள் எதிலும் ஆஜரானவன் அல்ல. தீர்ப்புகளைப் படித்துக் கட்சிக்காரர்களுக்கு விளக்கியதில் சேர்ந்த அறிவு மட்டுமே. இதைச் சட்ட ஆலோசனையாக எடுத்துக்கொண்டு யாரும் படகு வாங்கிவிட வேண்டாம்.

முதலில் ஒரு தவறான எண்ணத்தைத் தள்ளிவிடலாம். அரசியலமைப்பின் வணிகப் பிரிவு நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் கொடுக்கிறது. மாநிலங்கள் அந்தப் பக்கமே தலைவைக்கக் கூடாது என்று அதில் ஒரு வரிகூட இல்லை. நாடாளுமன்றம் பேசாமல் இருக்கும்போதும் மாநிலங்களுக்கு ஒரு எல்லை உண்டு என்பது, நீதிமன்றங்கள் அந்தப் பிரிவிலிருந்து வருவித்துக்கொண்ட கொள்கை. வக்கீல்கள் இதை ‘உறங்கும் வணிகப் பிரிவு’ என்று அழைப்பது வழக்கம். எழுத்தில் இல்லாத எல்லை என்பதால் அது அவ்வப்போது நகர்கிறது.

இந்தக் கொள்கை பிறந்ததே ஒரு படகுச் சண்டையில். நியூயார்க் சட்டமன்றம், ராபர்ட் ஃபுல்டனுக்கும் அவருடைய கூட்டாளி லிவிங்ஸ்டனுக்கும் தன் நீர்நிலைகளில் நீராவிப் படகு ஓட்ட ஏகபோக உரிமை கொடுத்திருந்தது. உரிமை வாங்காமல் வந்த படகு பறிமுதல். நியூஜெர்சி மாநிலத்தின் முன்னாள் ஆளுநர் ஆரன் ஆக்டன் அந்த உரிமையில் ஒரு பங்கைக் காசு கொடுத்து வாங்கி, எலிசபெத்டவுனிலிருந்து நியூயார்க்குக்குப் படகு விட்டார். அவரோடு கூட்டாக இருந்து பிரிந்த தாமஸ் கிப்பன்ஸ், 1793-ஆம் ஆண்டு மத்தியச் சட்டத்தின்படி கிடைத்த கரையோர வணிக உரிமத்தைக் காட்டி அதே வழித்தடத்தில் போட்டிக்கு இறங்கினார். இருவருக்கும் பகை சட்டப் புத்தகத்தோடு நிற்கவில்லை. கிப்பன்ஸ் குதிரைச் சாட்டையும் கையுமாக ஆக்டன் வீட்டு வாசலுக்கே போனவர். அவர் படகை ஓட்டியவர் கார்னீலியஸ் வாண்டர்பில்ட், பிற்காலத்து ரயில்வே கோடீஸ்வரர்.

இதற்குள் பக்கத்து மாநிலங்கள் பதிலடியில் இறங்கிவிட்டன. நியூயார்க் உரிமத்தோடு வரும் நீராவிப் படகுக்குத் தன் கரையில் இடமில்லை என்றது கனெக்டிகட். நியூஜெர்சியும் தன் பங்குக்கு எதிர்ச்சட்டம் போட்டது. மூன்று மாநிலங்களும் உள்நாட்டுப் போரின் விளிம்பில் நிற்பதுபோல் இருக்கிறது என்று அன்றைய அட்டர்னி ஜெனரல் வில்லியம் வெர்ட் நீதிமன்றத்திலேயே வாதாடினார். 1824 மார்ச் 2 அன்று தலைமை நீதிபதி ஜான் மார்ஷல் கிப்பன்ஸுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார். படகில் பயணிகளை ஏற்றிச் செல்வதும் வணிகம்தான். மத்திய உரிமம் இருக்கும்போது மாநில ஏகபோகம் செல்லாது. ஓராண்டுக்குள் நியூயார்க்கில் நீராவிப் படகுகள் ஆறிலிருந்து 43 ஆனதாக வரலாற்றாசிரியர்கள் கணக்குச் சொல்கிறார்கள். உள்ளூர்ச் சட்டம் வணிகத்தை எவ்வளவு நெரிக்கும் என்பதற்கு இன்றுவரை எல்லோரும் எடுத்துக்காட்டும் எண் இது.

ஆனால் அதே தீர்ப்பில், பலர் தாண்டிப் போய்விடும் ஒரு வாக்கியம் இருக்கிறது. மாநிலங்கள் கையில் தங்கும் சட்டங்களைப் பட்டியலிடும்போது மார்ஷல் பரிசோதனைச் சட்டம், தொற்றுநோய்த் தனிமைப்படுத்தல், சுகாதாரம், சுங்கச் சாலை என்று சொல்லிக்கொண்டே வந்து, ‘ஃபெர்ரி’, அதாவது படகுத்துறை, என்ற சொல்லையும் சேர்த்துவிட்டார். படகு ஏகபோகத்தை உடைத்த கையே, ஊர்த்துறையை மாநிலத்திடம் விட்டுவைத்தது. பின்னால் வந்த வழக்கறிஞர்களில் பாதிப்பேர் தீர்ப்பின் முதல் பாதியைப் பிடித்துக்கொண்டார்கள்; மீதிப்பேர் இந்த ஒரு சொல்லை.

ஒரு துறைக்கும் நீண்ட கப்பல் பயணத்துக்கும் என்ன வேறுபாடு என்று கேட்கலாம். ‘துறைக் குத்தகை’ என்ற சொல் காதில் விழுந்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். ஆற்றைக் கடத்திவிடுவது பழைய காலத்திலிருந்தே ஊர்ப் பாதையின் தொடர்ச்சி. சாலை போடுகிறவன் துறையையும் பார்த்துக்கொள்வான், ஒருவனுக்குக் குத்தகைக்கு விடுவான், கூலியை நிர்ணயிப்பான். இங்கிலாந்திலும் அதே வழக்கம், அங்கிருந்து அமெரிக்காவுக்கும் போனது. 1861-இல் ஓஹையோ ஆற்று வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் இதை ஏற்றுக்கொண்டது. கென்டக்கிக் கரையில் நியூபோர்ட், எதிரே ஓஹையோவின் சின்சினாட்டி. நியூபோர்ட் துறையின் தனியுரிமை ஒரு குடும்பத்திடம் இருந்தது. மத்திய உரிமத்தோடு வந்த போட்டிப் படகுக்கு, கென்டக்கிக் கரையிலிருந்து ஆள் ஏற்றக்கூடாது என்று தடையுத்தரவு விழுந்தது. எதிர்க்கரையிலிருந்து கொண்டுவந்து இறக்கலாம், இங்கிருந்து ஏற்றிப் போகக்கூடாது. கிப்பன்ஸ் தீர்ப்பைக் காட்டியும் பலிக்கவில்லை. இன்றைக்குப் படித்தால் விசித்திரமாக இருக்கும். அன்று யாருக்கும் அது விசித்திரமில்லை.

அந்தப் பழைய பிடி தளர ஆரம்பித்தது 1885-இல். நியூஜெர்சியின் குளோஸ்டர் ஊரிலிருந்து டெலவேர் ஆற்றைக் கடந்து ஃபிலடெல்ஃபியாவுக்குப் படகு விட்ட ஒரு நிறுவனத்தின் மூலதனத்தின்மேல் பென்சில்வேனியா வரி போட்டது. அந்த நிறுவனம் பென்சில்வேனியாவில் செய்ததெல்லாம் குத்தகைத் துறையில் ஆளை இறக்கியதும் ஏற்றியதும்தான். அதற்கு வரி போடுவது மாநிலங்களுக்கிடையிலான போக்குவரத்துக்கே வரி போடுவதாகும் என்று நீதிமன்றம் தள்ளிவிட்டது. 1914-இல் அடுத்தடுத்து இரண்டு தீர்ப்புகள். ஸ்டேட்டன் ஐலண்டுக்கும் நியூஜெர்சிக்கும் நடுவே ஓடிய படகின் கட்டணத்தை, நியூஜெர்சிக் கரையிலிருந்து புறப்படும் பயணத்துக்கு மட்டும், அங்குள்ள கவுண்டி (நம் மாவட்டம் போன்றது) நிர்ணயிக்கலாம் என்றது ஒன்று. நாடாளுமன்றம் அதில் கைவைக்கவில்லை என்பதே காரணம். சூ செயின்ட் மேரி என்ற மிச்சிகன் எல்லை நகரம், கனடாவிலிருந்து வரும் படகு நிறுவனம் முதலில் தன்னிடம் லைசென்ஸ் வாங்க வேண்டும் என்று சொன்னதை ரத்து செய்தது மற்றொன்று. 1927-இல் லூசியானாவின் விடாலியா ஊர் வழக்கிலும் இதே முடிவு: மிசிசிப்பி ஆற்றைக் கடந்து வேறு மாநிலத்துக்குப் படகு ஓட்ட ஊரின் சம்மதம் வேண்டும் என்று நிபந்தனை வைக்க முடியாது. இரண்டு வருடம் கழித்து, இல்லினாயில் வாங்கிய பெட்ரோலைப் படகு கென்டக்கி நீர்ப்பரப்பில் எரித்தது என்பதற்காக கென்டக்கி கேட்ட வரியும் போயிற்று.

இவற்றைச் சேர்த்துப் பார்த்தால், நிச்சயமாகச் சொல்லக்கூடியது இதுதான். பாதுகாப்பு, துறையின் ஒழுங்கு, நியாயமான கூலி ஆகியவற்றில் உள்ளூர் கைவைக்கலாம். “நான் அனுமதித்தால்தான் நீ அக்கரையிலிருந்து வரலாம்” என்ற வாசற்காவல் வேலையை ஊர் செய்யக்கூடாது. வெளி மாநிலத்துப் படகை மட்டும் குறிவைத்தாலோ, கடக்கும் செயலுக்கே வரி கேட்டாலோ, சட்டம் நிற்காது. இதில் எனக்குத் தயக்கமில்லை.

சரி, பணத்துக்கு வருவோம். நடைமுறையில் வழக்குகள் ஜெயிப்பது பெரும்பாலும் பணக்கணக்கில்தான். லாங் ஐலண்டின் போர்ட் ஜெஃபர்சனுக்கும் கனெக்டிகட்டின் பிரிட்ஜ்போர்ட்டுக்கும் இடையே 1883-இலிருந்து படகு நடத்தும் நிறுவனம் ஒன்று உண்டு. சர்க்கஸ் புகழ் பார்னமும் அதைத் தொடங்கியவர்களில் ஒருவர். பிரிட்ஜ்போர்ட் துறைமுக ஆணையம் ஒவ்வொரு பயணியிடமும், ஒவ்வொரு வாகனத்துக்கும் ஒரு துறைக்கட்டணம் வசூலித்தது. துறையைப் பராமரிக்க என்றால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். ஆனால் ஆணையத்தின் செலவு கிட்டத்தட்ட முழுவதுமே இந்தக் கட்டணத்திலிருந்துதான் போனது. படகுப் பயணிக்குச் சம்பந்தமே இல்லாத துறைமுக வளர்ச்சித் திட்டங்களும் அதிலேயே நடந்தன. 2009-இல் இரண்டாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் (நியூயார்க், கனெக்டிகட் பகுதிக்கான மத்திய நீதிமன்றம்), கட்டணம் பயணிக்குக் கிடைக்கும் பயனுக்கு நியாயமான ஈடாக இல்லை என்ற கீழ் நீதிமன்றத் தீர்ப்பை உறுதி செய்தது. வணிகப் பிரிவு ஒருபக்கம் இருக்க, மாநிலங்கள் கப்பல்மேல் ‘டன்னேஜ்’ வரி, அதாவது துறைக்குள் வருவதற்கே கேட்கும் வரி, போடக்கூடாது என்ற தனிப்பிரிவையும் அந்தக் கட்டணம் மீறியது. அளவுகோல் எங்கிருந்து வந்தது தெரியுமா? 1972-இல் இண்டியானா விமான நிலையமொன்று பயணிகளிடம் கேட்ட கட்டணம் குறித்த வழக்கிலிருந்து. நீரும் வானமும் சட்டத்துக்கு ஒன்றுபோலத்தான்.

இதே கருத்தை 2002-இல் நாடாளுமன்றமே சட்டமாக்கிவிட்டது. நீர்வழியைப் பயன்படுத்துவதற்காக மட்டும் கப்பலிடமோ பயணியிடமோ உள்ளாட்சி காசு கேட்கக்கூடாது. செய்த சேவையின் செலவை ஈடுகட்டும் நியாயமான கட்டணமாக இருக்க வேண்டும். ஆகவே கட்டண வழக்கு என்று யாராவது என்னிடம் வந்தால், நான் சட்டப் புத்தகத்தைத் திறப்பதற்கு முன் துறைமுகத்தின் வரவு செலவைக் கேட்பேன். வக்கீலைவிடக் கணக்குப்பிள்ளை அங்கே முக்கியம்.

இப்போது ஈஸ்ட் ஹாம்ப்டனுக்குத் திரும்பலாம். நிலவியலை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். லாங் ஐலண்டின் கிழக்கு முனை மீன்வால் போல இரண்டாகப் பிரியும். தெற்கு வாலில் ஈஸ்ட் ஹாம்ப்டன். வடக்கு வாலின் நுனியில், சவுத்தோல்ட் டவுனுக்குள், ஓரியன்ட் பாயின்ட். அங்கிருந்துதான் கனெக்டிகட்டின் நியூ லண்டனுக்குக் கார்ப் படகும் அதிவேகப் படகும் போகின்றன. 1990-களில் அக்கரையில் ஃபாக்ஸ்வுட்ஸ், மொஹீகன் சன் என்ற பெரிய சூதாட்ட மாளிகைகள் திறந்ததும் கூட்டம் பெருகியது. அந்தக் கூட்டம் தன் கரைக்கும் வந்துவிடும் என்ற பயத்தில்தான் ஈஸ்ட் ஹாம்ப்டன் கதவைச் சாத்தியது. விளைவு, தெற்கு வாலிலிருந்து போகிறவர்கள் ஷெல்ட்டர் ஐலண்ட் வழியாக இரண்டு சிறு படகு ஏறி இறங்கி, சவுத்தோல்டின் ஒற்றைச் சாலையில் நெரிசலாகி, ஓரியன்ட் பாயின்ட்டில் மூன்றாவது படகு ஏற வேண்டும். அல்லது நியூயார்க் நகரப் பாலங்களைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். உங்கள் தலைவலியை எங்கள் தெருவில் கொண்டுவந்து கொட்டுகிறீர்கள் என்று சவுத்தோல்ட் டவுனே, படகு நிறுவனத்தோடு சேர்ந்து, பக்கத்து டவுன்மேல் வழக்குத் தொடுத்தது. அண்ணன் தம்பி வரப்புச் சண்டை மாதிரிதான், நடுவே அரசியலமைப்பு.

2007-இல் இரண்டாம் வட்டார நீதிமன்றம் சொன்னது, பாகுபாடு என்ற குற்றச்சாட்டு நிற்காது. ஏனென்றால் தடை கனெக்டிகட் படகுக்கு மட்டும் அல்ல. நியூயார்க்கின் வேறு துறையிலிருந்து வரும் படகுக்கும் அதே தடை. பாகுபாடு இல்லாவிட்டால் அடுத்த சோதனை, 1970-ஆம் ஆண்டு பைக் வழக்கில் வந்தது. அது அரிசோனாவில் முலாம்பழம் பெட்டியில் அடைப்பது பற்றிய தகராறு. அரிசோனாவிலேயே அடைக்க வேண்டுமென்றால் அந்த நிறுவனம் சுமார் 2,00,000 டாலர் செலவழித்து ஒரு கொட்டகை கட்ட வேண்டியிருந்தது. மாநிலத்துக்குக் கிடைக்கும் பயனோ தன் பழத்துக்குப் பெயர் கிடைக்கும் என்பது மட்டும். அப்படி, வணிகத்தின்மேல் ஏறும் பாரம் உள்ளூர்ப் பயனைவிடத் தெளிவாக மிதமிஞ்சி இருந்தால்தான் சட்டம் விழும். ஈஸ்ட் ஹாம்ப்டன் சொன்ன பயன் நெரிசல் குறைவும் சுற்றுச்சூழலும். உண்மையிலேயே குறைகிறதா, எவ்வளவு பாரம் என்பதெல்லாம் சாட்சியத்தில்தான் தெரியும், விசாரணையே இல்லாமல் முடிக்க முடியாது என்று, தடைப்பகுதியைப் பற்றிய கேள்வியைக் கீழ் நீதிமன்றத்துக்குத் திருப்பி அனுப்பினார்கள். ஆக அங்கே படகு நிறுவனத்துக்குக் கிடைத்தது, வாதாட இன்னொரு வாய்ப்பு மட்டுமே.

இங்கேதான் சந்தேகத்தின் எல்லை ஆரம்பிக்கிறது. எடை போடுவது என்றால் எதை எதனோடு? ஒரு ஊரின் அமைதியை டாலரில் யார் அளப்பது? 2023-இல் கலிஃபோர்னியாவின் பன்றி இறைச்சிச் சட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் இதிலேயே பிளவுபட்டது. இந்தத் தராசு வேலை நீதிமன்றத்துக்கு உகந்ததே அல்ல என்றார்கள் சில நீதிபதிகள். பெரும்பான்மையினர் சோதனையை முற்றாகக் கைவிடவில்லை. பாகுபாடு காட்டாத ஒரு படகுத் தடையைப் பைக் சோதனையை மட்டும் நம்பி எதிர்த்தால், இன்று ஜெயிப்பது முன்னைவிடக் கடினம் என்பது என் கணிப்பு. கணிப்பு என்றுதான் சொல்கிறேன்; வேறு வட்டாரத்து நீதிபதி வேறு மாதிரி நினைக்கலாம்.

இன்னொன்று, அக்கரையும் அதே மாநிலம் என்றால் கதையே மாறிவிடும். வாஷிங்டன் மாநிலத்தின் செலான் ஏரி ஐம்பது மைலுக்கு மேல் நீளம். அதன் தலைமாட்டில் ஸ்டெஹீகின் என்ற குக்கிராமம்; சாலையே கிடையாது, படகு, சிறு விமானம் அல்லது நடந்து போவதுதான். 1929-இலிருந்து வழக்கு நடந்த காலம்வரை அங்கே ஒரே நிறுவனத்துக்குத்தான் மாநிலச் சான்று இருந்தது. போட்டிப் படகு விட ஆசைப்பட்ட அந்த ஊர்ச் சகோதரர்கள் இருவர் வழக்காடினார்கள். படகு முழுக்க ஒரே மாநிலத்துக்குள் ஓடுவதால், நாட்டின் நீர்வழியைப் பயன்படுத்தும் குடிமகனின் உரிமை என்ற வேறு பிரிவைப் பிடித்தார்கள். வணிகப் படகு நடத்துவது அந்த உரிமைக்குள் வராது என்று ஒன்பதாம் வட்டார நீதிமன்றம் 2013-இல் தள்ளியது. உச்ச நீதிமன்றம் எடுத்துக்கொள்ளவில்லை. என்னைக் கேட்டால், நுகர்வோருக்கு உண்மையான சுமை இந்த மாதிரி ஏகபோகத்தில்தான் அதிகம். ஆனால் சட்டத்தின் பார்வை மாநில எல்லைக்கோட்டில் குவிந்திருப்பதால் இது தப்பித்துவிடுகிறது.

இந்தியாவில் எப்படி என்று கேட்பவர்களுக்கு இரண்டு வரி. நம் அரசியலமைப்பின் மாநிலப் பட்டியலில் 13-ஆம் உருப்படியில், சாலை, பாலம் ஆகியவற்றோடு படகுத்துறையும் மாநிலத்துக்கே கொடுக்கப்பட்டிருக்கிறது, மார்ஷல் சொன்ன வரிசையை நினைவூட்டும் விதமாக. மறுபக்கம் 301-ஆம் பிரிவு நாடெங்கும் வணிகம் தடையின்றி நடக்கும் என்கிறது. அமெரிக்காவில் வருவித்துக்கொண்டதை நம்மவர்கள் எழுதியே வைத்துவிட்டார்கள். அசாம் தேயிலை, படகிலும் சாலையிலும் கல்கத்தா போனபோது அசாம் வசூலித்த வரியை 1960-இல் அட்டியாபாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவைக் காட்டித்தான் ரத்து செய்தது. பாகுபாடில்லாத வரி 301-ஐ மீறாது என்று 2016-இல் ஒன்பது நீதிபதிகள் அமர்வு நிலையை மாற்றியது வேறு கதை.

கேட்டவர் கடைசியில், தன் ஊர்க் கவுன்சிலும் இதேபோல் ஒரு படகுத் தடையைப் பேசிக்கொண்டிருப்பதாகவும், எதைப் பார்க்க வேண்டும் என்றும் எழுதியிருந்தார். சட்ட வரைவின் முன்னுரையில் காரணம் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று முதலில் படியுங்கள். ‘வெளியூர்க்காரர்கள்’ என்ற வாடை அதில் அடித்தால், அல்லது கூட்டக் குறிப்பில் ஒரு உறுப்பினர் அப்படிப் பேசியது பதிவாகியிருந்தால், படகு நிறுவனத்து வக்கீல் முதலில் கேட்கப்போவது அந்தக் காகிதத்தைத்தான். போக்குவரத்து ஆய்வு ஏதாவது உண்மையிலேயே நடந்ததா, ஊருக்குள் ஏற்கெனவே ஓடும் படகுக்கு விலக்குக் கொடுத்திருக்கிறார்களா என்பதையும் பாருங்கள். விலக்கு இருந்து, அது உள்மாநிலப் படகாகவும் இருந்தால், ஈஸ்ட் ஹாம்ப்டனுக்குக் கிடைத்த பாதுகாப்பு உங்கள் கவுன்சிலுக்குக் கிடைக்காது.